புகையும் ஐந்தாம் சீலமும்

பஞ்ச சீலத்தில் ஐந்தாவது, கள் சாராயம் முதலிய மயக்கப் பொருள்களை விலக்குவது. பீடி, சுருட்டு, சிகரெட்டு, வாயிலடக்கும் புகையிலை ஆகியவற்றையும் அச்சீலம் விலக்குகிறதா என்ற கேள்வி நம் உபாசகர்களிடையே அடிக்கடி எழுகிறது. எழுந்த இடமெல்லாம் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. பீடி குடித்தவன் மதி மயங்குவதில்லை, மனைவியை அடிப்பதில்லை, சாக்கடையில் விழுவதில்லை; ஆதலின் சீலத்துக்கும் பீடிக்கும் சம்பந்தமே இல்லை என்பது ஒரு கட்சி. புகையும் போதையே, புகைப்பவன் சீலம் கெட்டவன் என்பது மறு கட்சி. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதைச் சற்று விரித்து எழுதுவது பயன்படும் எனக் கருதுகிறோம்.

முதற்கண் சொல்லின் பொருளைப் பார்ப்போம். பாலியில் சுரா என்பது மாவையும் சோற்றையும் ஊறவைத்து எடுப்பது. மேரயம் என்பது பூ, பழம், தேன், வெல்லம் முதலியவற்றை ஊறவைத்து எடுப்பது. இவை பமாதத்துக்கு, அதாவது விழிப்பிழந்த நிலைக்கு, இடமாவதால் விலக்கப்பட்டன. இப்பட்டியலில் புகையிலை இல்லை, இருக்கவும் முடியாது. அச்செடி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்ச்சுகீசியர் கப்பலில் நம் நாட்டுக்கு வந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொகலாயர் அரண்மனை வரை போய்ச் சேர்ந்தது. ஜஹாங்கீர் பாதுஷா 1617இல் அதற்குத் தடையும் விதித்துப் பார்த்தார். பகவன் புத்தர் வாழ்ந்ததோ அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர். அவர் கண்ணால் காணாத ஒன்றை அவர் பெயரைச் சொல்லி விலக்கினார் என்று மேடையில் பேசுவது, ஐந்தாம் சீலத்தைக் காக்கப் போய் நான்காம் சீலத்தை உடைப்பதாகும்.

மேலும், பிடகத்தை நன்கு வாசித்த ஓர் அன்பர் நம்மை மடக்க ஒரு சான்று காட்டுவதுண்டு. விநயத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதியில், பிலிந்தவச்சர் என்னும் தேரருக்குத் தலைநோய் கண்டபோது, பகவன் புகையை உள்ளிழுக்கவும் அதற்கென ஒரு புகைக்குழலை வைத்துக்கொள்ளவும் அனுமதி அளித்தார் என்று வருகிறது. உண்மையே. ஆனால் அடுத்து வருவதையும் அவ்வன்பர் வாசித்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் சில பிக்குகள் பொன்னாலும் வெள்ளியாலும் விதவிதமாகக் குழல் செய்து வைத்துக்கொண்டார்கள். ஊரார் ஏசினார்கள். பகவன் அத்தகைய குழல்களை விலக்கினார். ஆக, நோய்க்கு மருந்தாக மூலிகைப் புகை அனுமதிக்கப்பட்டது. அது மோகத்துக்கு உரிய பொருளாக மாறிய இடத்தில் தடுக்கப்பட்டது. அனுமதிக்கும் தடைக்கும் நடுவே உள்ள அந்த இடத்தில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

மதுவை விலக்கிய வரலாறும் இதையே காட்டுகிறது. சாகதர் என்னும் பிக்கு கொடிய நாகம் ஒன்றை அடக்கியவர். கோசம்பியில் மக்கள் அவருக்கு அன்போடு வீடுதோறும் மது ஊற்றினார்கள். அவர் நகர வாயிலில் விழுந்தார். தூக்கி வந்து கிடத்தியபோது பகவன் இருந்த பக்கமே கால் நீட்டிக் கிடந்தார். நாகத்தை அடக்கியவர் இப்பொழுது ஒரு தண்ணீர்ப் பாம்பையாவது அடக்குவாரா என்று பகவன் பிக்குகளைக் கேட்டார். அதன் பிறகே விதி பிறந்தது. அப்பொருள் தீட்டு என்றோ, தொட்டால் பாவம் என்றோ அவர் கூறவில்லை. மனிதன் தன்னைத் தான் ஆளும் வல்லமையை அது பறித்துவிடுகிறது என்பதே அங்குள்ள நியாயம்.

பாபா சாகேப் அம்பேத்கர், 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், விதி வேறு, கோட்பாடு வேறு என்று பிரித்துக் காட்டினார். விதி என்பது இன்னது செய், இன்னது செய்யாதே என்று கையைப் பிடித்து நடத்துவது. கோட்பாடு என்பது ஒரு செயலை எடைபோட அறிவுக்குக் கொடுக்கும் தராசு. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தேன் என்பது உண்டு, அது விதி. பீடியைப் பற்றிக் கேட்க வேண்டியது விதியை அன்று, தராசை. இவ்வழக்கம் என்னை ஆள்கிறதா? என்னைச் சார்ந்தோரை வருத்துகிறதா? இவ்விரண்டு கேள்வியே போதும்.

முதற் கேள்விக்குப் பஞ்சாலையே நமக்குப் பாடசாலை. ஆலை வாயிலில் காவலர் ஒவ்வொருவர் சட்டைப் பையையும் தடவிப் பார்த்துத் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் வாங்கி வைத்துவிடுவார். பறக்கும் பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் கட்டடமே போய்விடும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவரும் எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு பீடியும் பற்றவைக்காமல் வேலை செய்தார். அதே மனிதர் விடுமுறை நாளில், "ஒரு மணி நேரம் பீடி இல்லாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும்" என்று சத்தியம் செய்வார். இரண்டில் எது பொய்? இரண்டும் பொய்யல்ல. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு, புகையை இழுத்த பத்து வினாடிக்குள் மூளையை எட்டுகிறது. அது கொடுத்த சுகம் சிறிது நேரத்தில் வடிந்ததும் உடம்பு குறைபாட்டை உணர்கிறது. அடுத்த பீடி அக்குறையைத் தீர்க்கிறது. தீர்த்த கணமே அதற்கடுத்த குறைக்கு வித்திடுகிறது. பீடி மனக்கவலையைப் போக்குகிறது என்று கூறுவோர், அது போக்கும் கவலையில் பெரும்பகுதி முந்திய பீடி உண்டாக்கியது என்பதை அறியார். பகவன் தண்ஹா என்று கூறிய வேட்கைக்கு இதைவிடத் தெளிவான உருவம் வேறொன்றை நாம் கண்டதில்லை. ஆலைக்குள்ளே பலர் அந்த எட்டு மணி நேரத்தைக் கடந்தது, கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டோ, பொடி போட்டுக்கொண்டோதான். சிலர் மட்டும் அதுவுமின்றிக் கடந்தார்கள். பீடிக்கு இடமே இல்லை என்று மனம் தெளிவாக அறிந்த இடத்தில் வேட்கை அடங்கிக் கிடந்து, வாயிலைத் தாண்டியதும் எழுந்து நின்றது.

வேட்கையைத் தொடர்ந்து வருவது உபாதானம். பற்றுதல் என்று பொருள் கூறுகிறோம். விறகு என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பற்றி எரிவதற்கு வேண்டியதைப் பற்றிக்கொண்டிருத்தல். இதைக் கண்டு சில பேச்சாளர், கயாசீசத்தில் பகவன் நிகழ்த்திய தீயுபதேசமே பீடியைக் குறித்தது போல விளக்கம் கொடுக்கிறார்கள். கேட்போர் சிரிக்கிறார்கள். அந்த உபதேசம் வேள்வித் தீயை வணங்கிவந்த சடையோருக்கு ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் தீயைக் காட்டியது. அவ்வளவு பெரிய சொல்லை இவ்வளவு சிறிய பொருளில் அடைக்க வேண்டாம்.

இரண்டாம் கேள்வியே நம் மனத்தைப் பெரிதும் உறுத்துவது. ஆலையில் பஞ்சுப் பொதியைப் பீடியிலிருந்து காக்க வாயிலில் காவலர், சுவரில் எச்சரிக்கைப் பலகை, மீறினால் வேலைநீக்கம் என இத்தனை ஏற்பாடு. அவர் வீட்டுக்குப் போகிறார். வீடு என்பது ஒரே அறை. அதில் அடுப்பு, பாய், பெட்டி, தூளியில் ஆறு மாதக் குழந்தை. அங்கே கதவோரம் குந்தி ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பீடி பிடிக்கிறார். முதலாளியின் பஞ்சுக்கு இருந்த காவல் அக்குழந்தையின் மார்புக்கு இல்லை. தாம் புகைக்காமல் பிறர் விட்ட புகையைச் சுவாசித்தே உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்கு மார்ச்சளியும் இழுப்பும் காதுநோயும் மிகுதி. பொது இடத்தில் புகைப்பதை அரசு 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாகத் தடுத்தது. வீட்டுக்குள் அரசு வருவதில்லை. அங்கே வர வேண்டியது முதலாம் சீலம். உயிர்க்கொலை என்றால் கத்தி எடுப்பது மட்டுமே என்று எண்ணிக்கொண்டு, ஐந்தாம் சீலத்தில் பீடி உண்டா இல்லையா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம்!

நோயைப் பற்றி இனிச் சிறிது. "பீடி இயற்கையான இலை, சிகரெட்டுதான் கெடுதல்" என்பார் நம்மில் பலர். பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை. விட்டுவிட்டு இழுத்தால் அணைந்து போகும்; ஆகையால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதில் புகையிலை குறைவாயினும் தாரும் கரியமில நஞ்சுவாயுவும் உள்ளே போவது குறைவில்லை. இந்தியாவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்று, பீடி குடிக்கும் ஆண்கள் சுமார் 6 ஆண்டும், பீடி குடிக்கும் பெண்கள் சுமார் 8 ஆண்டும், சிகரெட்டு குடிக்கும் ஆண்கள் சுமார் 10 ஆண்டும் ஆயுளை இழக்கிறார்கள் என்று கண்டது. புற்றுநோயும் மாரடைப்பும் எல்லோரும் அறிந்தவை. நம் மக்கள் அறியாதது காசநோய்க்கும் புகைக்கும் உள்ள உறவு. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த 43,000 ஆண்களின் வரலாற்றைத் திரட்டி ஆராய்ந்து, 2003இல் மருத்துவர்கள் வெளியிட்ட முடிவு நம்மைத் திடுக்கிட வைப்பது: இந்நாட்டில் காசநோயால் மாளும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் சாவுக்குப் புகை காரணமாகிறது. காசநோய் யார் வீட்டைத் தேடி வருகிறது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் மார்புநோய் ஒன்றுண்டு; பிசினோசிஸ் என்பர். வார விடுமுறை கழிந்து முதல் நாள் வேலைக்கு வந்ததும் மார்பை இறுக்கிப் பிடிக்கும். மறுநாள் சற்றுத் தணியும். நாளாக ஆக எல்லா நாளும் இறுக்கும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தோர் இதை நன்கறிவர். நட்டஈட்டுக்குரிய தொழில்நோய் என்று சட்டமும் இதை ஏற்றது. ஆயினும் ஒரு தொழிலாளி இருமிக்கொண்டு போய் நின்றால் நிர்வாகத்தார் முதலில் கேட்பது, "பீடி குடிப்பாயா?" என்பதே. குடிப்பேன் என்றால் கோப்பு மூடப்படும். தூசிக்கு நட்டஈடு உண்டு, பீடிக்கு இல்லை. தொழிலாளியோ, "எல்லாம் பஞ்சுத் தூசிதான், பீடி ஒன்றும் செய்யாது" என்பார். இருவரும் ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள். காரணங்கள் பல கூடியே காரியம் பிறக்கும் என்று பகவன் கற்பித்தார். தூசியும் புகையும் சேர்ந்த மார்பு, தனித்தனியே கெட்ட மார்பைவிட மோசமாகக் கெடுகிறது. கோலார் தங்கவயலில் பஞ்சுத் தூசிக்குப் பதில் கல் தூசி. சுரங்கம் 2001இல் மூடப்பட்டபின்னும் அத்தூசி முதியோர் மார்பில் இருந்துகொண்டே இருந்தது. எனவே பீடியை விடு என்று தொழிலாளிக்குச் சொல்பவன், தூசியை ஒழி என்று முதலாளிக்கும் சொல்லக் கடமைப்பட்டவன். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிறவன் உபதேசி அல்லன், நிர்வாகத்தின் ஆள்.

நிற்க. புகை பிடிப்போரை நிர்வாகக் குழுவில் சேர்க்கலாகாது, திருமணத்தில் பஞ்ச சீலம் சொல்லிக் கொடுக்க அவர்களை அழைக்கலாகாது என்று தீர்மானம் போட வேண்டுமெனச் சில இளைஞர்கள் நம்மிடம் வந்தார்கள். அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் அவர்கள் வாயில், 'சுத்தம்' என்ற சொல் வந்தது. 'அவர் பக்கத்தில் நின்றாலே நாறுகிறது' என்ற சொல்லும் வந்தது. நமக்கு நெஞ்சு சுருக்கென்றது. நம் முன்னோரைக் கிணற்றண்டையிலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் விரட்டியவர்கள் சொன்ன காரணமும் சுத்தம்தானே! அச்சொல்லை உதறிவிட்டு வெளியேறியவர்கள், பத்து வீடு தள்ளி அதே சொல்லுக்கு இன்னொரு வாசல் கட்டுவதா? பீடி நாற்றம் நாற்றமே; விகாரத்துக்குள் பிடிக்கலாகாது என்பதும் சரியே. ஆனால் அறுபது வயதில், நாற்பதாண்டுப் பழக்கத்தோடு, கையில் ஊதுவத்தியுடன் வரும் ஒரு பெரியவர் நோயாளி, தீண்டத்தகாதவர் அல்லர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டித அயோத்திதாசர் சித்த வைத்தியர். நாடி பார்த்த கையால் தம்மமும் எழுதினார். அம்மரபில் வந்தோர், நோயாளியைப் பார்த்து மூக்கைப் பொத்தலாமோ? தீர்மானம் கைவிடப்பட்டது. புகைக்கிறவர்களுடன் மருத்துவமனைக்குத் துணை போகும் வேலையை அவ்விளைஞர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நஞ்சு விற்பதைப் பகவன் உபாசகருக்கு ஆகாத வணிகங்களில் ஒன்றாக வைத்தார். அதனால் முறத்தை மடியில் வைத்து நாளெல்லாம் இலை சுருட்டி, தாமும் அத்தூளைச் சுவாசிக்கும் ஏழைப் பெண்ணைக் குற்றவாளி என்பதா? வணிகன் வேறு, கூலியாள் வேறு. அவளுக்கு வேறு பிழைப்புக் காட்டியபின் பேசலாம்.

இனி, விட்டவர்களின் அனுபவம். நாம் அருகிருந்து பார்த்த வரையில், ஒரே நாளில் விட்டு மறுபடி தொடாதவர் மிகச் சிலர். பெரும்பாலோர் இரண்டு மூன்று தடவை விட்டு, மீண்டும் பிடித்து, பிறகே விட்டார்கள். கார்டிங்கில் நம்முடன் இருந்த ஒரு தோழர் நான்காம் தடவை வெற்றி பெற்றார். முதல் மூன்று தடவையும் அவர் விழுந்தது ஒரே இடத்தில்: ஷிப்டு முடிந்ததும் நிற்கும் தேநீர்க் கடை. கிளாஸைக் கையில் வாங்கியதும் மற்றக் கை தானாகப் பைக்குப் போகும். நான்காம் தடவை அவர் பீடியோடு சண்டை போடவில்லை, தெருவை மாற்றினார். மூன்று மாதம் சுற்றுவழியில் வீடு போனார். ரிங் பிரேமில் வேலை செய்த இன்னொருவர் விட்ட முதல் வாரம், அவர் மனைவி நம்மிடம் வந்து, "ஐயா, அவரைப் பீடி குடிக்கச் சொல்லிவிடுங்கள், வீட்டில் இருக்க முடியவில்லை" என்றார். அவ்வம்மையார் சொன்னது வேடிக்கையன்று. முதல் இரண்டு மூன்று நாள் மிகக் கடுமை. கோபம், தூக்கமின்மை, தலைவலி, ஓயாத பசி எல்லாம் வரும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். வீட்டார் இதை முன்னரே அறிந்திருந்தால், இது அவருடைய குணமன்று, நஞ்சு இறங்கும் வேளை என்று பொறுத்துக்கொள்வர்.

நாம் பீடியை விட்டது, சதிபட்டானத்தில் கற்றதைத் துணைக்கொண்டு. வேட்கை எழும்போது அதை விரட்டவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம். எங்கே எழுகிறது என்று பார்க்க வேண்டும். நமக்குத் தொண்டைக் குழியில் ஓர் அரிப்பாக எழுந்து, மார்புக்கு இறங்கி, விரல் நுனியில் துடித்தது. மூச்சை எண்ணிக்கொண்டு பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம், தானே தணிந்துவிட்டது. தோன்றியது மறையும் என்பதைப் புத்தகத்தில் நாம் பல தடவை வாசித்திருந்தோம். உடம்பில் வாசித்தது அப்பொழுதுதான். ஆனால் இது எல்லோருக்கும் போதும் என்று நாம் சொல்லமாட்டோம். நிக்கோட்டின் சேர்ந்த மெல்லும் பசையை மருத்துவர் கொடுக்கிறார்கள். அதை மென்றால் மனவலிமை இல்லாதவன் என்று கேலி செய்வோர் உளர். பிலிந்தவச்சருக்குக் குழல் கொடுத்தவர் இவர்களைவிடத் தாழ்ந்த உபதேசியோ? மருந்து வேண்டியவர் மருந்து எடுக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனிக்க. பீடியை விட்டேன் என்று சொல்லிக்கொண்டு கைனிக்கும் குட்காவுக்கும் போனவரை விட்டவராக எண்ணக் கூடாது. அது வாயில் புற்றுநோயை விளைப்பது. 2016–17இல் எடுத்த நாட்டுக் கணக்கின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தனர்; பீடி பிடித்தோர் 7.7 பேர், கைனி அடக்கியோர் 11.2 பேர். விட்டவருக்குக் கிடைப்பதையும் சொல்லிவிடுவோம். ஓராண்டில் இதயநோய்க்கான கூடுதல் அபாயம் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயின் அபாயம், விடாதவருடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அறுபதிலும் விடலாம், பயனுண்டு.

பௌர்ணமி உபோசதத்தில் அஷ்ட சீலம் ஏற்போர், அன்று விடியல் முதல் மறுநாள் விடியல் வரை புகையிலையையும் சேர்த்து விட்டுப் பார்க்குமாறு நம் விகாரத்தில் கேட்டுக்கொள்கிறோம். ஒரு பகல் ஓர் இரவு முடிந்தவருக்கு, மிகக் கடினமான மூன்று நாளில் ஒரு நாள் கழிந்துவிட்டது. அதற்கு மேல் துணை வேண்டுவோர் 1800-11-2356 என்ற அரசு எண்ணுக்குச் செலவின்றிப் பேசலாம். பெங்களூரில் இருப்போர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போகலாம். தீர்மானம் கேட்ட இளைஞர்கள் இதுவரை இரண்டு பெரியவர்களை அங்கே அழைத்துப் போய் வந்திருக்கிறார்கள். ஒருவர் மூன்றாம் வாரத்தில் இருக்கிறார். மற்றவர் எட்டாம் நாள் தேநீர்க் கடையில் நின்றுவிட்டார். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறார்.